ஐம்பது மீட்டரில் ராசிபலன்

சுடுதளத்தில் நான் சுட்ட நேரத்தைவிட நடந்த நேரம்தான் அதிகம். ஐந்து குண்டு சுட வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவரும் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எல்லாரும் போல்ட்டைத் திறந்து துப்பாக்கியைத் தரையில் வைத்த பிறகு பயிற்சியாளர் கை காட்டுவார். அப்புறம் 50 மீட்டர் நடந்து போய், அட்டையைப் பார்த்து, 'இடது பக்கம் எட்டு' என்று தெரிந்துகொண்டு, மறுபடி 50 மீட்டர் திரும்பி வந்து குப்புறப் படுக்க வேண்டும். படுத்தவுடன் முழங்கை பழைய இடத்தில் உட்காராது. மதுரைச் சித்திரை வெயிலில் இதைப் பத்து முறை செய்தால் விளையாட்டு சுடுதலா நடைப்போட்டியா என்று சந்தேகம் வந்துவிடும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியாது. அங்கே இலக்கு மின்னணு. சுட்ட மறுகணம் பக்கத்துத் திரையில் புள்ளி விழும். எங்களுக்கு இன்னும் காகித அட்டைதான். அதனால் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது தூரத்து அட்டையைப் பெரிதாக்கிக் காட்டும் ஒற்றைக்கண் தொலைநோக்கி, வாங்குவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததிலிருந்து சரியான ஒன்று கைக்கு வர எட்டு மாதமும் இரண்டு தவறும் ஆயின.

முதல் தவறு, 'பெரிய எண் நல்ல எண்' என்று நம்பியது. இணையத்தில் 4,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். 20 முதல் 60 மடங்கு வரை பெருக்கும், முன்கண்ணாடி 60 மில்லிமீட்டர், கூடவே ஒரு சாண் உயரத்தில் பொம்மை முக்காலி. வீட்டு மொட்டை மாடியில் வைத்து, படுத்த யானைபோல் தெரியும் யானைமலையைப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு 20 மடங்கில் பாறையின் வெடிப்புகள்கூடத் தெரிந்தன. மகிழ்ச்சியில் 60க்குத் திருகினேன். மலை இருண்டது. பதினோரு மணிக்கு மறுபடி பார்த்தபோது யானை படுத்திருக்கவில்லை, கொதிக்கிற எண்ணெய்க்குள் நெளிந்துகொண்டிருந்தது.

இருண்டதற்குக் காரணம் எளிய வகுத்தல். முன்கண்ணாடியின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 60ஐ 20ஆல் வகுத்தால் 3 மில்லிமீட்டர். பகலில் நம் கண்மணியும் ஏறக்குறைய அந்த அளவுதான் திறந்திருக்கும், எனவே வசதி. 60ஐ 60ஆல் வகுத்தால் 1 மில்லிமீட்டர். சாவித்துவாரம் வழியாகக் கல்யாணம் பார்ப்பதுபோல. தலை ஒரு நூல் அசைந்தாலும் படம் கறுத்துவிடும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 60 என்று போட்டவர்கள் இதைப் போடவில்லை.

நெளிந்தது ஸ்கோப்பின் குற்றம் இல்லை. அது காற்று. தரையிலிருந்து எழும் சூடான காற்று ஒளியை வளைக்கிறது. ஸ்கோப் அந்த வளைவையும் சேர்த்தே பெருக்குகிறது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. ஜப்பானின் கோவா (Kowa) நிறுவனத்தின் 88 மில்லிமீட்டர் ஃப்ளூரைட் ஸ்கோப்பை வாங்கும் காசில் நல்ல மோட்டார் சைக்கிளே வாங்கலாம். அதை எடுத்து வந்து மாட்டுத்தாவணித் தார்ச்சாலை வழியாக மதியம் பார்த்தாலும் தெரிவது கானல்தான், கொஞ்சம் கூர்மையான கானல்.

அப்போதுதான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். எனக்கு எவ்வளவு மடங்கு வேண்டும்? நாங்கள் சுடும் பாயிண்ட் டூ டூ (0.22 அங்குல) குண்டு போடும் துளை 5.6 மில்லிமீட்டர். காகிதம் கொஞ்சம் மீள்வதால் அதைவிடச் சிறிதாகவே தெரியும். ஒரு பாகைக் கோணத்தை 3,600 ஆகப் பிரித்தால் வரும் விநாடியில் அளந்தால், 50 மீட்டரில் அந்தத் துளை 23 விநாடி. சாதாரணக் கண் பிரித்தறியும் எல்லை 60 விநாடி. வெறுங்கண்ணுக்குத் தெரியாததன் காரணம் அதுதான். 8 மடங்கு பைனாகுலரில் அது 184 விநாடியாகும். அட்டையின் வெள்ளைப் பகுதியில் விழுந்தால் தெரியும், நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தில் விழுந்தால் தெரியாது. 25 மடங்கில் எல்லையைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. 50 மீட்டருக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. 1,000 மீட்டரில் பெரிய ரைஃபிளின் 7.62 மில்லிமீட்டர் துளையைப் பார்க்கிறவர்களின் கதை வேறு: அங்கே துளை ஒன்றரை விநாடிதான். 80 மில்லிமீட்டர் கண்ணாடி பிரித்தறியும் இயற்பியல் எல்லையும் அதே ஒன்றரை விநாடி. காற்று அசையாத விடியலில்கூட அது சந்தேகம்தான்.

நான் படித்த ஸ்கோப் மதிப்புரைகள் பெரும்பாலும் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களின் கவலை வேறு. திறந்த மலைச்சரிவில் ஒரு மைல் தள்ளி நிற்கும் மானின் கொம்பில் எத்தனை கிளை என்று எண்ண வேண்டும், அந்தி மங்கலிலும் எண்ண வேண்டும், மூட்டையில் கட்டி நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். அதனால் எடை, மங்கல் வெளிச்சம், நேர்க்குழல் (கண் வைக்கும் குழல் சாயாமல் நேராக இருப்பது) என்று பேசுகிறார்கள். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் வேட்டை என்ற பேச்சே கிடையாது. அந்தி மங்கலில் எங்கள் தளத்தின் கதவையே பூட்டிவிடுவார்கள். அவர்களுக்காக எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு நான் தேடியது, அடுத்தவர் மருந்துச்சீட்டோடு மருந்துக்கடையில் நின்ற கதை.

ஆனால் ஒரு வேட்டைக்காரர் எங்கள் குடும்பத்திலும் இருக்கிறார். தங்கையின் கணவர், பறவை வேட்டை, கண்ணால் மட்டும். "மச்சான், பாதிப் பணம் நான் போடுகிறேன். சனிக்கிழமை உங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை எனக்கு" என்றார். அரிட்டாபட்டிப் பாறைகளில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் போனெல்லிக் கழுகும் இருக்கின்றன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதை அறிவித்ததிலிருந்து மாப்பிள்ளையின் ஞாயிறுகள் அங்கேதான் கழிகின்றன. பறவைக்காரர்கள் கூட்டத்தில் அவருக்கு நாலு பேரைத் தெரியும். அவர்களிடம் இரண்டு ஸ்கோப்பை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினார். என்னுடைய 4,800 ரூபாய்க் குழலோடு சேர்த்து மூன்று.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? மளிகைக்கடையில் கொடுத்த தினசரி காலண்டரின் அன்றைய தாளைக் கிழித்து, அட்டை மாட்டும் கிளிப்பில் 50 மீட்டரில் மாட்டினேன். இதைவிடச் சிறந்த பரிசோதனை அட்டையை எந்த நிறுவனமும் அச்சடித்துத் தரவில்லை. நடுவில் உள்ளங்கை அகலத் தேதி, அதற்குக் கீழே திதி, நட்சத்திரம், இன்னும் சிறியதாக ராகுகாலம், எமகண்டம், அடியில் இரண்டு மில்லிமீட்டர் எழுத்தில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல். பெரியதிலிருந்து சிறியது வரை படிப்படியாக இறங்குகிறது. கண் மருத்துவர் சுவரில் மாட்டும் பலகையும் இதே தத்துவம்தான்.

என் குழலில் 25 மடங்கில் ராகுகாலம் வரை வாசித்தேன். மடங்கை ஏற்றினால் எழுத்து பெரிதானது, வாசிப்பு மோசமானது. எழுத்தின் ஒரு விளிம்பில் ஊதாவும் மறு விளிம்பில் பச்சையும் வழிந்தன. மலிவான கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது என்பதன் அடையாளம் அது. இரண்டாவது, தடித்த 80 மில்லிமீட்டர் ஸ்கோப். ராசிபலன் முழுக்கத் தெரிந்தது, ஆனால் குழாய் நீளம், எடை இரண்டு கிலோவை நெருங்கியது, கண்குழல் நேராக இருந்தது. மூன்றாவது 65 மில்லிமீட்டர், நிறக்கசிவைக் குறைக்கும் ஈ.டி. கண்ணாடி, 16 முதல் 48 மடங்கு, கண்குழல் 45 பாகை சாய்ந்தது. 30 மடங்கில் என் ராசியைத் தேடிப் பிடித்தேன். துலாம்: விரயம். வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டது.

நேர்க்குழலா சாய்குழலா என்பதில் கடைக்காரர்களும் காணொளிக்காரர்களும் நிறையப் பேசுகிறார்கள். குப்புறப் படுத்துச் சுடுகிறவனுக்கு இதில் விவாதமே இல்லை. வலது தோளில் துப்பாக்கியின் கட்டை, இடது முழங்கை தரையில் ஊன்றியிருக்கும். துப்பாக்கியைத் தாங்கும் வார்ப்பட்டை இடக்கையை இறுக்கியிருக்கும். உடம்பைக் கலைத்தால் அடுத்த குண்டு வேறு எங்கோ போகும். ஸ்கோப்பை இடது பக்கம், முகத்துக்கு அருகில் வைத்து, கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுத்து, தலையை மட்டும் சாய்த்து இடது கண்ணால் பார்க்க வேண்டும். சாய்குழலை அதன் பட்டையில் சுழற்றி நம் கண்ணை நோக்கித் திருப்பிவிடலாம். நேர்க்குழலுக்கு அதன் பின்னால் போய்ப் படுக்க வேண்டும். காரிலிருந்து சட்டென்று குறி பார்க்கிற வேட்டைக்காரருக்கு நேர்க்குழல் சுகம், எனக்கு இல்லை.

கண்ணாடி அணிகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கண்வில்லையிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கும்வரை முழுப்படம் தெரிகிறதோ அந்தத் தூரம் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. குறைந்தால் நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு மட்டும் தெரியும். என் பழைய குழலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டுவதிலேயே பாதி நேரம் போனது.

மூன்றாவது ஸ்கோப்பின் உரிமையாளர் புதிது வாங்கப்போவதாக மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தார். 22,000 ரூபாய்க்குத் தர ஒப்புக்கொண்டார், ஒரு குறையை மறைக்காமல் சொல்லியே தந்தார்: "கண்வில்லைக்குள் கொஞ்சம் பூஞ்சை இருக்கிறது தம்பி. பார்த்துக்கொள்ளுங்கள்."

கண்குழலைக் கழற்றி, வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். உட்பக்க வில்லையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் போன்ற கிளைகள், ஆலம்விழுது மாதிரி. உடல் குழாய் அடைத்து மூடியது, நைட்ரஜன் நிரப்பியது, அதற்குள் ஒன்றுமில்லை. கழற்றக்கூடிய கண்குழலின் அடிவில்லையில் மட்டும்தான். இது அதிர்ஷ்டம். உள் பட்டகத்தில் (பிரிசம்) பூஞ்சை இருந்திருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். அந்தப் பட்டகம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படம் கெட்டுவிடும்.

இரண்டாவது தவறு இங்கே. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியாலேயே முதலில் துடைத்தேன். சட்டைப்பையில் கிடந்த துணி. அதில் ஒட்டியிருந்த ஒரு மணல் துகள் வில்லையில் மெல்லிய கோடு ஒன்றை இழுத்தது. அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. பார்வையில் தெரியாது, மனதில் தெரியும். அதன் பிறகு முறையாகச் செய்தேன். ரப்பர் ஊதுபந்தால் தூசியை ஊதினேன். லென்ஸ் தாளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, வில்லையின் மேல் அழுத்தாமல் இரண்டு நிமிடம் படுக்க விட்டேன். ஆல்கஹாலை நேரே வில்லையில் ஊற்றினால் ஓரத்தின் வழியாக உள்ளே இறங்கிவிடும். பிறகு புதுத் தாளால் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருளாக ஒரு சுற்று. அந்தத் தாளை எறிந்துவிட்டு இன்னொரு தாள். ஆறு தாள் ஆனது. விழுதுகள் போய்விட்டன. அரிசி அளவு ஓரிடத்தில் மட்டும் மேற்பூச்சைப் பூஞ்சை தின்றுவிட்டது. சாய்த்துப் பார்த்தால் மங்கலாக ஒரு தழும்பு. வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கும்போது மட்டும் லேசான மூட்டம் காட்டுகிறது, அவ்வளவுதான்.

பூஞ்சை எங்கிருந்து வந்தது என்பதும் பெட்டியைத் திறந்ததுமே புரிந்தது. அழகான தோல் உறை, உள்ளே வெல்வெட். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ள இதைவிட நல்ல பொருள் இல்லை. உறையை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நீல நிற மணிகள் ஈரம் பிடித்தால் இளஞ்சிவப்பாகும். சூடாக்கினால் மறுபடி நீலமாகும். நீலத்துக்கு அதில் சேர்ப்பது கோபால்ட் உப்பு, நச்சு. வீட்டு வாணலியில் வறுக்கப் போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இப்போது ஆரஞ்சு நிற மணி.

ஸ்கோப் கிடைத்துவிட்டது, தாங்க ஒன்று வேண்டும். என்னைக் கேட்டால் பட்ஜெட்டில் நான்கில் ஒரு பங்கைத் தாங்கிக்கு ஒதுக்கிவிட்டுத்தான் ஸ்கோப்பையே பார்க்க வேண்டும். கேமரா முக்காலியில் வைத்தேன். விரலால் தட்டினால் படம் அடங்க மூன்று விநாடி. அதோடு முக்காலியின் கால்கள் படுத்திருப்பவன் முழங்கையில் இடிக்கும். வெளிநாட்டில் இதற்கென்றே ஒற்றைக்கம்பித் தாங்கிகள் விற்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். மூலையில் நான்கைந்து பழைய மின்விசிறிகள். ஸ்டாண்ட் ஃபேனின் வட்டமான வார்ப்பிரும்பு அடித்தட்டு, அதில் ஒன்றுக்குள் ஒன்று நகரும் குழாய், உயரத்தை நிறுத்தும் திருகு. தேடியதே அதுதான்.

"விசிறி எங்கே போனது என்று கேட்காமல் அடியை மட்டும் கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான், அண்ணே" என்றார் கடைக்காரர். எடை போட்டு 350 ரூபாய்.

குழாயைப் படுத்துச் சுடும் உயரத்துக்கு வெட்டினேன். மேல் முனையில் ஒரு தட்டு, தட்டின் நடுவில் ஸ்கோப்பின் அடியிலுள்ள துளைக்குப் பொருந்தும் போல்ட். வீட்டில் கிடந்த 6 மில்லிமீட்டர் போல்ட் சரியாக இருப்பதுபோல் தோன்றியது. இரண்டு சுற்று ஏறியது, பிறகு லொடலொடவென்று ஆடியது, மூன்றாவது சுற்றில் இறுகியது. அந்த இறுக்கத்தை நம்பாமல் நிறுத்தியதால் தப்பித்தேன். லேத் பட்டறையில் தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தான்: "இது மில்லிமீட்டர் மரை. கேமரா சாமானெல்லாம் கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை. இன்னும் இரண்டு சுற்று முறுக்கியிருந்தால் ஸ்கோப்பின் அலுமினிய மரையைத் தின்றிருக்கும்." கால் இஞ்ச் என்றால் 6.35 மில்லிமீட்டர், அந்த 0.35 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அவனே பழைய விட்வொர்த் கால் இஞ்ச் போல்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். மரையின் கோணம் சற்று வேறு, ஆனால் எண்ணிக்கை அதே 20 என்பதால் பொருந்திவிட்டது. தட்டுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வட்டம். இப்போது தட்டினால் ஒரு விநாடிக்குள் அடங்குகிறது.

தளத்தில் முதல் நாள் மற்றொரு பாடம். வெள்ளையில் விழுந்த துளை பளிச்சென்று தெரிந்தது. கறுப்பில் விழுந்தது தெரியவில்லை. 50 மீட்டர் அட்டையின் கறுப்பு வட்டம் 112.4 மில்லிமீட்டர், ஓரளவு சுடத் தெரிந்தவனுடைய குண்டெல்லாம் அதற்குள்தான் விழும். மடங்கை 40 வரை ஏற்றிப் பார்த்தேன், பயனில்லை. பயிற்சியாளர் வந்து குனிந்து பார்த்தார். "25லேயே வையுங்கள் சார். அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?" பின்னால் கறுப்பு ரப்பர் தாள். கறுப்பில் கறுப்பு. ஒரு வெள்ளை அட்டையை நான்கு விரல் இடைவெளி விட்டுப் பின்னால் நிறுத்தினோம். வெயில் அதில் பட்டுத் துளைகள் வழியாக வெளிச்சமாக எட்டிப் பார்த்தது. 22,000 ரூபாய் தராத தெளிவை ஒரு சட்டைப்பெட்டி அட்டை தந்தது.

ஒன்பது மணிக்குப் பிறகு கானல் ஏறும்போது ஸ்கோப்பின் இன்னொரு உபயோகத்தை அவரே காட்டினார். குவியத்தை அட்டையிலிருந்து சற்று இந்தப் பக்கம் இழுத்தால் அட்டை மங்கும், நடுவழியில் ஓடும் கானல் தெளியும். வாய்க்கால் நீர்போல் வலமிருந்து இடமாக ஓடினால் காற்றும் வலமிருந்து இடமாகத்தான். அப்படியே நிமிர்ந்து கொதித்தால் காற்று இல்லை, அல்லது நேர் எதிரேயோ முதுகிலோ வருகிறது. காற்று பலத்தால் கானலே படுத்துவிடும். அப்போது கொடியைத்தான் நம்ப வேண்டும். நடுவிலுள்ள பத்து மதிப்பெண் வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், மெல்லிய பக்கக்காற்றே குண்டை அதிலிருந்து வெளியே தள்ளப் போதும். யானைமலையை நெளியவைத்து எனக்கு எரிச்சலூட்டிய அதே கானலைப் பார்த்துத்தான் இப்போது விசையை இழுக்கிறேன். ஓட்டம் மாறினால் காத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் ஞாயிறுகளுக்கு விசிறி அடி ஆகாது. ஆறு கிலோவைத் தூக்கிக்கொண்டு பாறை ஏற முடியுமா? அவர் தன் கேமரா முக்காலியின் நடுத்தண்டில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டுச் சமாளிக்கிறார். போன மாதம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்வந்தார். பெயரில் மட்டும் வேட்டை. பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி விடுவதை 30 மடங்கில் பார்த்ததாகச் சொன்னார். ஸ்கோப்பைத் திருப்பித் தரும்போது கண்வில்லையில் கைரேகை இருந்தது. லென்ஸ் தாளில் மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இன்னும் ஒரு குறை பாக்கி. விசிறிக் குழாயின் உயரத் திருகு, ஒரு மணி நேரத்தில் அரை விரற்கடை இறங்கிவிடுகிறது. விசிறிக்கு அது தெரியாது, எனக்கு அட்டையே பார்வையிலிருந்து மறைகிறது. திருகுக்குப் பதில் சைக்கிள் சீட் கிளாம்ப் போட்டுத் தருகிறேன் என்று பட்டறைத் தம்பி சொல்லியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னான்.